நுரை பொங்காத கிணறு

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருந்த வளவில் ஏழு வீட்டுக்கும் சேர்த்துக் குழாய் ஒன்றுதான் இருந்தது. அதைச் சுற்றித் தகரம் அடித்து ஒரு மறைப்புச் செய்திருந்தார்கள். ஆண்கள் விடியற்காலையில் குளித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவோம். அதன் பிறகு அந்த இடம் பெண்களுடையது. புதுக்கடைப் பகுதியில் நான் வேலை செய்த கந்தோர் நடந்துபோகும் தூரத்தில் இருந்ததால் சனிக்கிழமைகளில் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவேன். அப்படி வந்த ஒரு சனிக்கிழமைதான் என் மனைவி குளிக்கும் சத்தத்தை முதன்முதலாகக் கவனித்தேன்.

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான் சப்பாத்தைக் கழற்றி, கோட்டைத் தட்டி மாட்டி, கொண்டுவந்த பத்திரிகையை ஒருபக்கம் வாசித்து முடித்தேன். அப்போதும் நிற்கவில்லை. வெளியே வாளிகளுடன் மூன்று பெண்கள் நின்றார்கள்.

"அக்கா, ஒடம்ப கழுவுறீங்களா, கொழாய கழுவுறீங்களா?" என்று ஒருத்தி தகரத்தில் தட்டினாள்.

"யாழ்ப்பாணத்து அழுக்குடீ. லேசுல போவாது," என்றாள் மற்றவள். மூவரும் சிரித்தார்கள். வாசலில் என்னைக் கண்டதும் முதலாமவள் கொஞ்சமும் கூசாமல், "ஐயா, ஒங்க வீட்டம்மாவுக்குத் தனியா ஒரு கொழாய் போட்டுக் குடுங்க. எங்க வீட்டு உல காயுது," என்றாள்.

மனைவி ஈரத் தலையுடன் அவர்களைக் கடந்து உள்ளே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கதவைச் சாத்திய பிறகு கேட்டேன்.

"என்ன, இவ்வளவு நேரம்?"

"போகுதில்லை."

"என்ன போகுதில்லை?"

"சவர்க்காரம். ஊத்த ஊத்த வழுவழுவெண்டுதான் கிடக்கு. கையைப் பாருங்கோ." கையை நீட்டினாள். நான் தொட்டுப் பார்த்தேன். அது நன்றாகக் கழுவிய, சுத்தமான கையாகத்தான் எனக்குப் பட்டது. அப்படியே சொன்னேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

எங்களுக்குக் கலியாணமாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் பிந்தித்தான் கட்டினேன். நானும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன்தான். ஆனால் படிக்கிற வயதிலேயே கொழும்புக்கு வந்து, விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தனியாகவே இருந்து பழகியவன். என் சாமான்கள் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கும். இன்னொரு ஆள் வந்தால் எந்த இடத்தில் இருப்பார் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. அவள் இருபத்தெட்டு வயதில், தன் ஊரை விட்டு முதல் தடவையாக வெளியே வந்திருந்தாள்.

எதையாவது செய்யவேண்டும் என்று நினைத்தேன். சவர்க்காரம்தான் மட்டமானது என்று முடிவுசெய்து, கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு பெரிய கடையில் வாசனைச் சவர்க்காரம் வாங்கிவந்தேன். மெல்லிய பூப்போட்ட கடதாசியில் சுற்றியிருந்தது. அதை அவளிடம் கொடுத்தபோது அவள் சந்தோஷப்பட்டாள் என்றுதான் நினைக்கிறேன். முகர்ந்து பார்த்தாள். மறுநாள் குழாய் இன்னும் நீண்ட நேரம் ஓடியது. நல்ல சவர்க்காரத்துக்கு நுரை அதிகம். அந்த நுரைதான் அவளுக்குப் பகை என்பது எனக்கு விளங்கவில்லை.

இதில் இன்னொரு சங்கடம் இருந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலரைப்போல அவளும் குளிக்காமல் அடுப்படிக்குள் கால் வைக்கமாட்டாள். சாமிப்படத்துக்கு விளக்கு வைக்கமாட்டாள். அவள் குளிக்கத்தான் செய்தாள். ஆனால் குளித்ததாக அவளுடைய உடம்பு ஒப்புக்கொள்ளவில்லை. ஒருநாள் மாலையில் நான் வந்தபோது விளக்கு ஏற்றியிருக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. கேட்டேன்.

"குளியாத உடம்போட விளக்கு வைக்கிறதே?" என்றாள்.

"நீர் காலமை குளிச்சனீர்தானே?"

"தண்ணி வார்த்தனான்," என்றாள். பிறகு நானே விளக்கை ஏற்றினேன். அவள் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு யாரோ வீட்டு விளக்கைப் பார்ப்பதுபோல.

தை மாதத்தில் அவளுடைய பெரியப்பாவின் மகளுக்குக் கலியாணம் வந்தது. இரண்டு கிழமையில் வருவதாகச் சொல்லி ஊருக்குப் போனாள். இரண்டு கிழமை ஒரு மாதமானது. பிறகு தாய்க்குச் சுகமில்லை என்று தகவல் வந்தது. பிறகு தகவல் வருவதும் குறைந்தது. வளவுப் பெண்கள் என்னைக் கண்டால் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். குழாயடி இப்போது வேகமாகக் காலியானது. சனிக்கிழமை மத்தியானங்களில் அந்தத் தகர மறைப்புக்குள்ளிருந்து யார் யாரோ சட்டென்று குளித்துவிட்டு வெளியே வருவது எனக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்.

சித்திரை விடுமுறையில் அவளைக் கூட்டிவரப் போனேன். இரவு மெயில் வண்டியில் புழுதியோடு போய் இறங்கியதும், மாமியார் துவாயைத் தந்து, "தம்பி, முதல்ல போய்க் குளியுங்கோ," என்றார். வேலியோரம் கிணறு. மனைவியின் தம்பி துலாவில் தண்ணீர் இறைத்துத் தந்தான். நான் சவர்க்காரத்தைத் தேய்த்தேன். நுரை வரவில்லை. இன்னும் தேய்த்தேன். கையில் தயிர் திரிந்ததுபோல வெள்ளையாக ஏதோ திரண்டது. நுரை மட்டும் இல்லை. தலையில் போட்டேன். தலைமயிர் தேங்காய்த் தும்புபோல ஆனது. கட்டியில் பாதி கரைந்துவிட்டது.

"அத்தான், கொழும்பில சவர்க்காரம் சும்மா குடுக்கிறவங்களோ?" என்றான் மைத்துனன். "நாங்கள் இதை ஆடிவரைக்கும் வைச்சிருப்பம்."

இரண்டு வாளி ஊற்றியதும் எல்லாம் போய்விட்டது. தோல் வறண்டு, விரலால் இழுத்தால் கிறீச்சென்று பிடித்தது. எனக்கு மேலெல்லாம் சாம்பல் பூசியதுபோல இருந்தது. இன்னும் இரண்டு வாளி இறைக்கச் சொல்லி ஊற்றினேன். மாற்றமில்லை. குளித்த மாதிரியே இல்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குள் சொல்லாக வந்த அந்த இடத்திலேயே, கையில் வாளியுடன் நின்றுவிட்டேன். இதைத்தான் அவள் மாதக்கணக்காக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் படித்தது அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்து மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணீர் அதற்குள்ளால் ஊறிக் கிணற்றுக்கு வரும்போது சுண்ணாம்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. இது வன்னீர். இதில் போடும் சவர்க்காரத்தில் பெரும்பங்கு அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து திரிந்துவிடும். மிச்சம்தான் அழுக்கை எடுக்கும். கொழும்புக் குழாயில் வருவது காட்டுப்பக்கத்து மழைத் தண்ணீர். சுண்ணாம்பு அதிகம் காணாத மென்னீர். அதில் சவர்க்காரம் முழுவதும் நுரையாகும். யாழ்ப்பாணத்துக் கணக்கில் போட்டால் கழுவிமுடியாது. அவள் பிறந்ததிலிருந்து தேய்த்துப் பழகிய அளவை அப்படியே கொட்டாஞ்சேனைக்கும் கொண்டுவந்திருந்தாள். நான் போதாததற்கு நுரை கூடிய சவர்க்காரத்தை வாங்கிக் கொடுத்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊர்க் கிணற்றில் குளித்து அவள் சுத்தமாகிவிட்டேன் என்று உணரும் அந்தக் கிறீச்சென்ற பிடிப்பு, உண்மையில் தோலில் ஒட்டி நிற்கும் திரிந்த சவர்க்காரத்தின் மெல்லிய படலம். கொழும்பில்தான் அவள் உண்மையாகச் சுத்தமாக இருந்தாள்.

இதையெல்லாம் அன்று மத்தியானம் அவளிடம் ஒழுங்காக விளக்கினேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப இஞ்சத்தைய கிணத்தில குளிக்கிறது ஊத்தை எண்டு சொல்லுறீங்கள்?"

"அப்படிச் சொல்லேல்லை. சவர்க்காரத்தைப் பாதியாக் குறைச்சா..."

"உங்களுக்கு இண்டைக்குக் குளிச்ச மாதிரி இருந்ததோ?"

"இல்லை," என்றேன்.

"இப்ப நான் உங்களுக்கு விளங்கப்படுத்தினா, குளிச்ச மாதிரி வருமோ?"

அவள் கோபமாகப் பேசவில்லை. என்னைப் பார்த்துக் கொஞ்சம் பரிதாபப்பட்டாள் போலவும் இருந்தது. விடுமுறை முடிந்ததும் நான் தனியாகத் திரும்பினேன். நிலையத்துக்கு மைத்துனன் மட்டும் வந்தான். "அக்கா வருவா, அத்தான்," என்று இரண்டு தடவை சொன்னான். இரண்டாம் தடவை சொன்னபோது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வண்டியில் வரும்போதுதான் வேறு வீடு பார்க்க முடிவுசெய்தேன். அவளுடைய உடம்பு பழகும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இருந்தது. அவளுக்கு அது முடியாது என்று தெரிந்துவிட்டது. ஆகவே அவள் கொழும்புத் தண்ணீருக்கு வருவதைவிட, அவளுடைய தண்ணீர் இருக்கும் இடத்துக்கு நான் போவதுதான் சரி.

கொழும்பில் வீடு தேடுகிறவர்கள் எல்லோரும் குழாய் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். நான் கிணற்றைக் கேட்டேன். ஒரு சிறு போத்தலும் சீவிய சவர்க்காரமும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்தேன். போத்தலில் கிணற்றுத் தண்ணீரைப் பாதிக்கு எடுத்து, ஒரு சீவல் போட்டுக் குலுக்கிப் பார்ப்பேன். நுரை எழுந்தால் மூடியை அடைத்துக்கொண்டு வந்துவிடுவேன். நுகேகொடைப் பக்கம் போய்ப் பார்த்தேன். நல்ல வீடுகள், நல்ல தண்ணீர், போத்தல் நிறைய நுரை. கடலோரமாகப் போனால் சிப்பியும் சுண்ணாம்பும் கலந்த மண் இருக்கும் என்று யோசித்து, தெஹிவளையிலும் பிறகு வெள்ளவத்தையிலும் தேடினேன்.

வெள்ளவத்தையில் வீடு காட்டிய தரகர் ஒரு முஸ்லிம் பெரியவர். குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அறையாகத் திறந்து புகழ்ந்துகொண்டே வந்தார். குசினியில் குழாயைத் திறந்து காட்டினார். நான் பின்பக்கம் போய்விட்டேன்.

"அது தேவல்ல ஐயா," என்று பின்னால் வந்தார். "அந்தக் கெணறு சும்மா இரிக்கி. சவர்க்காரமே பொங்காத தண்ணி. இரிந்த ஆக்கள் பூமரத்துக்குத்தான் ஊத்தின."

நான் போத்தலைக் குலுக்கினேன். தண்ணீர் பாலாகக் கலங்கி, மேலே வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன. நுரை இல்லை. மறுபடி குலுக்கினேன். இல்லை.

"இந்த வீட்டையே எடுக்கிறன்," என்றேன்.

அவர் போத்தலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அல்லாஹ்வே! கெட்ட தண்ணியத் தேடி வந்த மனிசன இண்டைக்குத்தான் கண்டன். ஐயா டொக்டரா?"

"இல்லை. வைஃப் யாழ்ப்பாணம்."

"ஆ," என்றார் அவர், எல்லாம் விளங்கிவிட்டதுபோல. பிறகு வாசல்வரை வந்து, "கெணத்துக் கயிறு பழசு ஐயா. மாத்திப் போடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கயிற்றை மாற்றினேன். கிணற்றைச் சுற்றிக் கிடுகால் மறைப்புக் கட்டுவித்தேன். உடுப்புத் தோய்க்க ஒரு கல் போட்டேன். பிறகு அவளுக்கு எழுதினேன். இந்த முறை விளக்கம் ஒன்றும் எழுதவில்லை. வெள்ளவத்தையில் வீடு எடுத்திருக்கிறேன், பின்னால் தனிக் கிணறு, தண்ணீர் ஊர்த் தண்ணீர்போலவே என்று மட்டும். பதில் வந்தது: அம்மாவுக்கு இருமல் விட்டபாடில்லை, பார்த்து எழுதுகிறேன்.

அந்த வீட்டில் நான் தனியாகப் பல மாதம் இருந்தேன். குசினிக் குழாயைக் குளிக்கவோ தோய்க்கவோ நான் பாவிக்கவில்லை. தேநீருக்குக் கேத்திலில் வைக்கும் தண்ணீரைக்கூடக் கிணற்றிலிருந்தே எடுத்தேன். அவளுக்குச் சுத்தம் என்று படுவது எனக்கும் அப்படிப் படவேண்டும் என்ற எண்ணம், வேறொன்றும் இல்லை. இங்கே அவள் வரும்போது, நான் மறுபடியும் வேறு தண்ணீரில் இருந்துகொண்டு அவளுடைய கையைத் தொட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

வன்னீரோடு வீடு நடத்துவது சுலபமான காரியமல்ல. கேத்திலின் உட்புறம் முதலில் மங்கியது. பிறகு வெள்ளையாகச் செதில் கட்டியது. தேநீர் ஊற்றும்போது தகடு தகடாக விழுந்தது. தேசிக்காயைப் பிழிந்து அந்தப் புளிப்புச் சாற்றோடு கொதிக்கவைத்தால் கரைந்துவிடும் என்று கண்டுகொண்டேன். கண்ணாடித் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால், காய்ந்ததும் பொட்டுப் பொட்டாகத் தடம் நிற்கும். ஈரத்தோடு துணியால் துடைத்துவிட்டால் நிற்காது. வாளியின் விளிம்பில் சவர்க்காரம் திரிந்து சாம்பல் நிற வளையமாகப் படியும். அதைத் தும்பால் தேய்த்து எடுக்கவேண்டும். சட்டைகள்தான் மோசம். நல்ல வெள்ளைச் சட்டை நாலைந்து தோய்ப்பில் பழைய கடதாசி நிறத்துக்கு வந்தது. துவாய் பலகைபோல நின்றது. கந்தோரில் பெரிய கிளாக்கர் என் கொலரைப் பார்த்து, "என்ன ஐசே, மிஸிஸ் இன்னும் வரேல்லையோ?" என்று கேட்டார். தண்ணீரில் முதலில் சலவைச் சோடாவைக் கரைத்து வைத்துவிட்டுப் பிறகு சவர்க்காரம் போட்டால் திரிவது குறையும் என்று தெரிந்துகொண்டேன். அப்போதும் சட்டை வெள்ளையாகவில்லை.

மாலை வண்டியில் வெள்ளவத்தையில் இறங்கி, கடல் காற்றோடு நடந்து வந்து பூட்டைத் திறப்பேன். விளக்கு ஏற்றுவேன். கிணற்றடிக்குப் போய் இரண்டு வாளி ஊற்றுவேன். ஒவ்வொரு நாளும் துவாயால் துடைத்த பிறகு விரலால் கையை இழுத்துப் பார்ப்பேன். கிறீச்சென்று பிடிக்கும். குளித்த மாதிரி இருக்காது. பக்கத்து வீட்டில் பிள்ளைகள் சத்தம்போட்டுப் பெருக்கல் வாய்ப்பாடு படிப்பார்கள். அது முடிந்தால் கடல் சத்தம் மட்டும்தான். சில நாள் அந்த வாய்ப்பாட்டை நானும் கூடவே மெதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்த பிறகு வேறு யாரோடும் நான் பேசாத நாட்கள் அவை.

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு காலையில், கேற்றுக்கு முன்னால் ரிக்‌ஷாவிலிருந்து அவள் இறங்கினாள். பின்னால் இன்னொரு ரிக்‌ஷாவில் தம்பி, மடியில் மாங்காய்க் கடகத்துடன். வருவதாகச் சொல்லவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு, கையில் தேசிக்காய்ப் பாதியுடன் கேத்தில் கழுவிக்கொண்டிருந்தேன்.

"கிணறு எங்க?" என்றாள்.

பின்பக்கத்தைக் காட்டினேன். பெட்டியிலிருந்து சேலையை எடுத்துக்கொண்டு நேராகப் போனாள். மைத்துனன் பேச்சுக் கொடுக்கப் பார்த்தான். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. நான் குசினியில் நின்று, கப்பி சுழல்வதையும் வாளி தண்ணீரைத் தொடுவதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் விழுந்தது. சற்று நேரம் சத்தமில்லை, சவர்க்காரம் தேய்க்கிறாள். பிறகு ஒரு வாளி. இன்னும் ஒன்று. பிறகு ஒன்றுமில்லை.

அவ்வளவுதான். நான் மூன்றாவது வாளிக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

அவள் ஈரத் தலையைத் துவாயால் சுற்றிக்கொண்டு வந்தாள். என்னைக் கடந்து சாமிப்படத்தடிக்குப் போய், நேற்றைய திரியைக் கிள்ளிவிட்டு, எண்ணெய் விட்டு, விளக்கை ஏற்றினாள். திரும்பியபோது கொடியில் கிடந்த என் சட்டைகளைக் கண்டாள். ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.

"இது வெள்ளைச் சட்டையோ?"

"ஓம்."

"என்னத்தில தோய்ச்சனீங்கள்?"

"கிணத்திலதான்."

"குசினிக்குள்ள குழாய் கிடக்கு."

"கிடக்கு. பாவிக்கிறேல்லை. குளிக்கிறதும் கிணத்திலதான்."

"உங்களுக்குத்தானே இந்தத் தண்ணி குளிச்ச மாதிரி இராது?"

"இண்டைவரைக்கும் இல்லை," என்றேன். "பழகிப் பாக்கிறன்."

அவள் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "தம்பி, இந்த மனுசனுக்கு விசர்," என்றாள் மைத்துனனிடம். அவன், "அது எனக்கு அண்டைக்குச் சவர்க்காரம் தேய்க்கேக்கையே தெரியும்," என்றான்.

கொடியிலிருந்து எல்லாவற்றையும் உருவி எடுத்து, பெரிய வாளியைக் குழாயடியில் வைத்து நிரப்பினாள். சவர்க்காரக் கட்டியைக் கையில் எடுத்தாள்.

"பாதி போதும்," என்றேன். "பாதியிலும் பாதி."

"சட்டை கிடக்கிற கிடைக்குப் பாதி காணாது," என்று, ஊரில் போடுகிற அளவுக்கு முழுவதையும் சீவிப் போட்டுக் கலக்கினாள். நுரை எழுந்தது. வாளி விளிம்பைத் தாண்டி, அவளுடைய முழங்கைவரை வந்து, குசினித் தரையில் வழிந்தது. அவள் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தாள்.

"ஐயோ, இனி இது எப்ப போறது?"

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயைத் திறந்தேன். நான் ஊற்ற அவள் அலசினாள். கை சோர்ந்தபோது அவள் ஊற்ற நான் அலசினேன். மத்தியானம் வரை குழாய் ஓடியது. தகரத்தில் தட்ட அங்கே யாரும் இல்லை.